உமி எங்கே தங்குகிறது

மூன்று சுற்று மருந்து அடித்தும்
பதினேழாம் பீல்டு ரோட்டில் சம்பாவ் சாகவில்லை.
லாலான் வெந்து வைக்கோல் நிறத்தில் கிடந்தது.
எருமைப்புல் கருகிவிட்டது.
இது மட்டும் டிராக்டர் தடத்தில் சப்பணமிட்டுக்
காலைப் பனியைக் குடித்துக்கொண்டிருந்தது.

தண்ணீரைக் கூட்டிக் கலந்தீர்களா என்றார் மண்டோர்.
பதினெட்டு லிட்டர் பம்பு சுமக்கிற முதுகிடம்
கேட்கிற கேள்வியா அது.

ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஹஸ்லினா வந்தாள்,
ரெங்கம் ஸ்டேஷன் எதிர்க் கடையில்
நாசி லெமாக் நான்கு பொட்டலம் வாங்கிக்கொண்டு.
ஹைலக்ஸின் பின்கதவை இறக்கிப் பழைய பேப்பர் விரித்தோம்.
நானும் செங்கமலமும் பிடுங்கினோம்,
அவள் பிரித்தாள்.

உயரம் பார்க்கவில்லை. இலை பார்க்கவில்லை.
முற்றிய கதிரை உள்ளங்கையில் கசக்கி
ஊதினாள்.
மணி உதிரும்போது
உமி காம்பிலேயே தங்கிவிட்டால் இந்தப் பக்கம்.
உமியையும் கட்டிக்கொண்டு விழுந்தால்
அந்தப் பக்கம்.

மலாயில்தான் பேசினோம்.
துணைக்குடும்பத்துக்கு அவள் சொன்ன சொல்லை
நான் கிளை என்று வைத்துக்கொண்டேன்.
அந்தக் கிளையில் லாலான், எருமைப்புல், கரும்பு,
செங்கமலம் டீயில் போடுகிற சேரை.
இந்தக் கிளையில் சம்பாவ்,
பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே, அந்த அருகு,
அப்புறம் கேழ்வரகு.
மூங்கிலும் நெல்லும் இரண்டிலும் சேராதாம்,
தனித்தனிக் குடித்தனம்.

"கேவுருமா?" என்றாள் செங்கமலம்.
சம்பாவுக்கு ரொம்ப நெருங்கிய சொந்தமாம்.
கையிலிருந்ததைத் திருப்பிப் பார்த்தாள்,
கடன் கேட்டு வந்த பங்காளியைப் பார்க்கிற மாதிரி.

ஃபோனில் உலகப் படம் காட்டினாள் ஹஸ்லினா.
ஆப்பிரிக்காவுக்கு அம்மை போட்டிருந்தது.
ஆஸ்திரேலியாவின் வறண்ட வயிற்றிலும் புள்ளிகள்.
நம் பக்கம் வர வரக் குறைந்து
ஜொகூரில் நான் விரல் வைத்ததும் எல்லாம் மறைந்தன.
வெயில்காட்டுக் கூட்டம் அது,
மழையும் நிழலும் ஆகாது.
பின்னே இங்கே எப்படி என்றேன்.
நிழலை வெட்டி, செம்பனை லாரி விட்டு மண்ணை இறுக்கி
நீங்களே ஆப்பிரிக்கா செய்து கொடுத்திருக்கிறீர்கள் அக்கா,
இந்த ரோட்டின் அகலத்துக்கு.

அவள் குவியலில் ஒரு தப்பு இருந்தது.
கதிர்விரலின் நுனி மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தால்
அது காக்காக்கால், சம்பாவ் இல்லை.
எடுத்துக் கொடுத்தேன்.
லென்ஸில் பார்த்து, கிளை ஒன்றுதான் என்றாள்.
இருக்கட்டும்,
எங்கள் மருந்துக்கு அது சாகும்.

படிவத்தில் எங்கிருந்து வந்தது என்று ஒரு கட்டம்.
புல்லுக்குத்தான்.
அதை அவள் நிரப்பும்போது
நான் கையுறை கழுவப் போய்விட்டேன்.

இருபது செடி வேரோடு பையில் போயின.
பதில் வர ஆறு மாதம்.
அதற்குள் பதினேழாம் பீல்டு வீட்டுமனையாகிவிடும்,
போர்டு நட்டாயிற்று.

போன மாதம் பவளவல்லி லயத்தைக் காலி செய்தாள்,
பாசிர் கூடாங்கில் மகன் வீடு.
ஃபேன், தாழ்ப்பாள், சாமி படம் மாட்டிய ஆணி வரைக்கும்
கழற்றிக்கொண்டு போனாள்.
லாலான் கிளை.
பக்கத்து வீட்டு அந்தோணி ஒரு கைப்பையோடு போனார்.
அடுப்பில் சட்டி அப்படியே இருக்கிறது,
கரண்டியும் உள்ளே.
சம்பாவ்.

என் கடிதம் அரிசி டின்னுக்கு அடியில்.
முப்பத்தொன்றாம் தேதிக்குள் என்று போட்டிருக்கிறது.
ராத்திரி விளக்கைப் போட்டு வீட்டை ஒருமுறை பார்த்தேன்.
கசக்கிப் பார்க்க
கை பத்தாது.

ஐந்தே முக்காலுக்குப் பெரட்டு.
புது மருந்து வந்திருந்தது, நீல மூடி,
மூக்கை அரிக்கிற வாடை.
பதினேழாம் பீல்டு ரோட்டில் பம்பை மாட்டிக்கொண்டு
நான் குழாயைச் சாய்க்கும்போது
பின்னாலிருந்து செங்கமலம்:
"பாத்து அடி,
கேவுருக்குச் சொந்தம்."